சுண்டுவிரல் மரத்தால் சும்மா இருக்காதீர்கள்

கும்பகோணத்தில் 26 வருடமாக லேடீஸ் டெய்லர் நான். பிளவுஸ்தான் தொழில். இன்றும் வெட்டுகிறேன், மிஷின் மிதிக்கிறேன். ஆனால் ஒரு ஹூக் தைக்க முடியாது. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியை இறுக்கிப் பிடித்துக் கொடுத்தால்தானே வலது கை ஊசி போடும்? அந்தப் பிடி போய்விட்டது. ஆபரேஷனால் போனது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். உண்மையை நானே எழுதிவிடுகிறேன்.

2022 மார்ச்சில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இடது சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மதமதவென்று இருக்கும். பாதி என்றால் சாக்பீஸால் கோடு போட்டாற்போல் பாதி. சுண்டுவிரல் பக்கம் மரத்திருக்கும், நடுவிரல் பக்கம் ஒன்றும் இருக்காது. உதறினால் சரியாகிவிடும். பிறகு போனில் ஆர்டர் பேசும்போதும் வந்தது. பத்து நிமிடம் கையை மடக்கிக் காதில் வைத்திருந்தால் முழங்கையிலிருந்து சுர்ரென்று இறங்கும்.

தெரிந்த டாக்டரிடம் போனேன். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்றார். ஐம்பது வயதில், நாள் முழுக்கக் குனிந்து தைப்பவன் கழுத்தில் தேய்மானம் தெரியாமல் வேறு என்ன தெரியும்? கழுத்துப் பட்டை, பி12 ஊசி, மாத்திரை. ஆகஸ்ட் வரை கோயில் மாடு போல அந்தப் பட்டையோடு திரிந்தேன். அத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவர் என் முழங்கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தொட்டவர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டினார். சுண்டுவிரல் நுனி வரை கரண்ட் அடித்தது. பிறகு நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில், கையில் எங்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று தேடினார். எதற்கு என்று கேட்டேன். "தொழுநோய் முதலில் பிடிக்கும் நரம்புகளில் இதுவும் ஒன்று ஐயா. அது இருந்தால் மருந்துதான் முதல். இல்லை என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த பேச்சு" என்றார். என் மனைவி அழுதுவிட்டாள். எனக்குக் கோபம். இப்போது சொல்கிறேன், எனக்கு வைத்தியம் பார்த்தவர்களில் முறையாகப் பார்த்தவர் அவர்தான்.

அவர் விளக்கியதை எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் சுலபம். பாவாடைப் பட்டிக்குள் நாடா ஓடுகிற மாதிரி, முழங்கைக்குப் பின்னால் ஒரு பட்டிக்குள் அல்நார் நரம்பு ஓடுகிறது. தெரியாமல் இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கிறதே, அதே இடம். கையை மடக்கினால் பட்டி இறுகும், நாடாவும் இழுபடும். நானோ பகலெல்லாம் இடது முழங்கையைக் கட்டிங் டேபிளில் ஊன்றினேன், மாலையில் போனைப் பிடித்து மடக்கினேன், இரவில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கினேன். சர்க்கரையும் கொஞ்சம் உண்டு. சர்க்கரை இருந்தால் நரம்பு இன்னும் சீக்கிரம் கெடுமாம்.

ஒரு பேப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கையில் கட்டைவிரல் நீட்டியபடியே பிடித்தது. இடது கையில் நுனி மடங்கிக்கொண்டது. அந்த வேலைக்கான தசை சோர்ந்ததால் வேறு தசை ஒத்தாசைக்கு வருகிறதாம். நரம்பு டெஸ்டில் முழங்கையைத் தாண்டும் வேகம் நொடிக்கு 38 மீட்டர். 50-க்கு மேல் இருக்க வேண்டும். "தசை இன்னும் வற்றவில்லை. ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்" என்றார்.

இங்கேதான் நான் கெட்டேன்.

அக்டோபரில் தீபாவளி. ஆகஸ்டில் கடையை மூடுகிற டெய்லரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தீபாவளி முடியட்டும் என்றேன். மனைவியின் அண்ணன் வேறு, "நரம்புல கத்தி வச்சா கை விளங்காது மாப்ள" என்று சொல்லி, எண்ணெய் போட்டு உருவிவிடும் ஒருவரிடம் கூட்டிப்போனார். அழுத்தம் தாங்காமல் கிடக்கிற நரம்பின் மேலேயே அவர் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

நவம்பரில் ஒரு நாள் சுருக் சுருக் என்ற வலி நின்றுவிட்டது. இரவில் எழுந்து கையை உதற வேண்டியதில்லை. மச்சினருக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் திருச்சேறை பெருமாளுக்கு மாலை சாற்றிவிட்டு வந்தேன். பொங்கல் போகட்டும் என்றேன், பிறகு தை, மாசி முகூர்த்தம். வலி போனது நரம்பு தேறியதால் அல்ல, சேதி சொல்லவும் தெம்பில்லாமல் அது அடங்கிப்போனதால். மரமரப்பு வந்து வந்து போனவரை நரம்பு உயிரோடு கத்திக்கொண்டிருந்தது. எப்போதும் மரத்தே இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்றால் அதுதான் ஆபத்து. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

2023 ஏப்ரலில் என் மகள்தான் கவனித்தாள். "அப்பா, இங்க ஏன் குழி விழுந்திருக்கு?" கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் மேடு வற்றிப் பள்ளமாகியிருந்தது. சுண்டுவிரல் தனியாக விலகி நின்றது. ஹூக் நழுவ ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கண் மங்கிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி மாற்றியிருந்தேன்.

மே மாதம் ஆபரேஷன். அதற்கு முன் வேறொரு சர்ஜன், நரம்பை முழங்கைக்கு முன்பக்கம் இடம் மாற்றி வைத்துவிடலாம் என்றார். டாக்டரம்மா பட்டியை மட்டும் பிரித்துவிட்டால் போதும் என்றார். கையை மடக்கும்போது நரம்பு எலும்பைத் தாண்டி வழுக்கினால்தான் இடம் மாற்ற வேண்டும், எனக்கு வழுக்கவில்லை. மற்றபடி இரண்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, இடம் மாற்றினால் காயத் தொந்தரவுதான் கூட வரும் என்றார். இறுகின தையலைப் பிரித்துவிட்டாலே துணி சரியாகிறபோது, பிளவுஸையே பிரித்து மறுபடி வெட்டுவானேன்? சின்னதையே தேர்ந்தெடுத்தேன். சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையை மட்டும் மரக்க வைத்தார்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, மறுநாள் வீடு. பதினோரு தையல், ஒரே சீராகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பிரித்தார்கள். ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்தே முழங்கையை மெதுவாக நீட்டி மடக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் பாரம் தூக்கவில்லை.

நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். இஞ்ச் டேப்பை எடுத்து முழங்கையிலிருந்து அந்தக் குழி வரை அளந்தேன். 11 அங்குலம், 28 சென்டிமீட்டர். ஆக 280 நாள். தசை அவ்வளவு நாள் காத்திருக்காது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்தால் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் எழாது. எனக்கு விரலில் உணர்வு முக்கால்வாசி வந்துவிட்டது. குழி பாதிதான் நிரம்பியது. அதுவும் நிரம்பாதவர்களுக்கு வேறு தசைநாணை எடுத்து மாற்றிக் கட்டும் ஆபரேஷன் இருக்கிறது. 1940-களின் கடைசியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிய கைகளை அப்படித்தான் நிமிர்த்தினார். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

என் அனுபவத்தில் சொல்கிறேன்:

சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மட்டும் மரத்தால் முழங்கையைக் காட்டுங்கள். கழுத்தாகவும் இருக்கலாம்தான். ஆனால் முழங்கையைத் தொடாமல் கழுத்து என்று சொல்பவரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

ஆரம்பத்தில் என்றால் கத்தி இல்லாமலே அடங்கலாம். இரவில் முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைச் சுற்றி வீட்டில் கட்டிவிடச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போடுங்கள். கட்டிங் டேபிள் விளிம்பில் ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். நான் இப்போது ஒட்டியிருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பின் தழும்புக்குக் கீழே கொஞ்சம் தோல் மரத்திருந்தால் பயப்படாதீர்கள். அங்கே ஓடும் தோல் நரம்புகள் சின்னவை, கத்திக்கு எட்டிவிடும். ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உருவிவிடுபவரிடம் போகாதீர்கள். மச்சினர் கூப்பிட்டாலும்.

சீசனைப் பார்க்காதீர்கள். அந்தத் தீபாவளிக்குக் கடையை ஒன்றரை மாதம் மூடியிருந்தால் கொஞ்சம் பணம் போயிருக்கும், சில வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள். திரும்பி வந்திருப்பார்கள். இப்போது ஹூக் வைக்கத் தனியாக ஒரு அம்மா வருகிறார். ஒரு பிளவுஸுக்குப் பத்து ரூபாய், நான் கடை நடத்துகிற வரைக்கும்.