ஜர்னைல் ஸிங்கின் ஆட்டத்திறம்

உதைபந்தாட்டத்திற் பின்வரிசையில் நிற்போன் புகழ்பெறுதல் அரிது. கோல் போட்டவன் பெயர் மறுநாட் பத்திரிகையில் வரும். கோல் விழாமற் காத்தவன் பெயரோ, அவன் தவறினாலன்றி வருவதில்லை. எம் மேச்சேரியில் நிலக்கடலை எடுத்தபின் வெறுமையாய்க் கிடக்கும் கொல்லைகளில் மாலைதோறும் பந்துதைக்கும் சிறுவரைக் கண்டோர்க்கு இது நன்கு விளங்கும். முன்னே ஆட விரும்புவோர் பலர். பின்னே நிறுத்தப்படுபவன் பெரும்பாலும் அனைவரினும் இளையவனே. இவ்வழக்கம் எத்துணைப் பிழையுடைத்து என்பதை ஜர்னைல் ஸிங் என்பாரின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவர் 1936-ஆம் ஆண்டிற் பஞ்சாபிலே பிறந்தவர். 1947-இல் நாடு பிரிவுற்றபோது இவருடைய குடும்பம் இந்தியப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. மாஹில்பூர் கால்ஸா கல்லூரியில் ஆடிப் பெயர்பெற்றபின் கல்கத்தா சென்று, 1959-இல் மோகன் பகான் சங்கத்திற் சேர்ந்தார். உறுதியான உடலும், பந்தை விட்டுக் கண்ணெடாத கவனமும் உடையவர். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயத்திலும் இந்தியாவின் பின்வரிசையைக் காத்து நின்றார்.

எனினும் இவர் பெயரை நிலைநிறுத்தியது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவேயாம். முதலாட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என வென்றது. ஆயின் அவ்வாட்டத்தில் ஜர்னைலின் தலையிற் காயம்பட்டுத் தையலிட நேர்ந்தது. பின்னர் ஜப்பானையும் வென்று இந்தியா அரையிறுதியை எய்தியது. அப்போது பயிற்சியாசிரியர் ஸையது அப்துல் ரஹீம் யாவரும் வியக்கும் ஏற்பாடு ஒன்று செய்தார். தலையிற் கட்டுடன் இருந்த பின்வரிசை வீரரை முன்வரிசையின் நடுவிலே நிறுத்தினார்!

இதன் காரணம் யாதோவெனின், எம் கருத்திற்பட்டதைக் கூறுவோம். காயமுற்றவன் பின்னே நின்று உயர்ந்து வரும் பந்திற்கு ஒருமுறை தயங்கினும் கோல் விழுந்துவிடும். முன்னே நின்று தயங்கினாலோ ஒரு வாய்ப்பு மட்டுமே போம். அன்றியும், காப்போன் எதற்கு அஞ்சுவான் என்பதைக் காத்துப் பழகியவனே செவ்வனே அறிவான். அருண் கோஷ் முதலியோர் பின்வரிசையைத் தாங்க வல்லவராயிருந்தமையும் இதற்குத் துணையாயிற்று.

அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றனர். தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோலும் ஜர்னைல் ஒன்றும் போட்டனர். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிர்த்தோர் முன்னர் வென்ற தென்கொரியரே. இஸ்ரேல், தைவான் நாட்டினரை விழாவிற்கு விடாமையைக் குறித்து இந்தியப் பிரதிநிதி ஸோந்தி கண்டித்துப் பேசியிருந்தாராகலின், கூடியிருந்த ஏறக்குறைய ஓரிலக்கம் மக்களும் நம்மவரை இகழ்ந்து கூவினர். அக்கூச்சலின் நடுவே 17-ஆம் நிமிஷத்திற் பி. கே. பானர்ஜி ஒரு கோலும், 20-ஆம் நிமிஷத்தில் ஜர்னைல் மற்றொன்றும் போட்டனர். ஆட்டம் முடியுந் தறுவாயிற் கொரியர் ஒன்றைத் திருப்பினர். 2-1 என்று பொற்பதக்கம் நமதாயிற்று. இரண்டாட்டமும் ஒரு கோல் வேற்றுமையால் வென்றவை என்பதையும், இரண்டிலும் ஜர்னைலின் கோல் ஒன்று உண்டென்பதையும் வாசிப்போர் கூட்டிப் பார்ப்பாராக.

அன்று இலக்கைக் காத்து நின்றவர் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் படைப்பிரிவில் ஆடி உயர்ந்த பீட்டர் தங்கராஜ். அவரோ தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடியவர்! முன்னின்றவர் பின்னும், பின்னின்றவர் முன்னுமாக அமைந்த விந்தை இது.

ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் நோயுற்று மாண்டார். ஜர்னைல் தமக்குரிய பின்வரிசைக்கே மீண்டு, 1964-இல் அர்ஜுனா விருது பெற்று, பின்னர் இந்திய அணிக்குத் தலைவராகவும் விளங்கினார். 1968 வரை மோகன் பகானில் ஆடிய இவர், 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கானடா நாட்டு வான்கூவர் நகரிற் காலமானார். 1962-க்குப் பின் ஆசிய விழாவின் ஆடவர் உதைபந்தாட்டத்தில் இந்தியா பெற்றது 1970-இல் பாங்காக்கிற் கிடைத்த வெண்கலம் ஒன்றே.