போதைப்பொருள் தொடர்பான சர்வதேசக் கொள்கையும் அரச சார்பற்ற நிறுவனங்களும்

க.பொ.த. (உயர்தரம்) – அரசறிவியல்



"போதைப்பொருள் தொடர்பான சர்வதேசக் கொள்கை உருவாக்கத்தில் அரச சார்பற்ற நிறுவனங்களின் வகிபாகத்தை ஆராய்க" என்று ஒரு வினா வந்தால் நம்மில் பலர் என்ன எழுதுவோம்? "அவை விழிப்புணர்வு ஊட்டுகின்றன, கருத்தரங்கு நடத்துகின்றன, வீதி நாடகம் போடுகின்றன" என்று எழுதுவோம். நான் திருத்திய விடைத்தாள்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன. எழுதியது பிழையல்ல. ஆனால் அது வினாவுக்கு விடையல்ல. வினா கேட்பது கொள்கை உருவாக்கத்தை. கொள்கை என்பது சட்டம், சமவாயம், தீர்மானம், வரி, அனுமதிப்பத்திரம் என்பவற்றோடு தொடர்புடையது. வாக்குரிமையே இல்லாத ஒரு நிறுவனம் இவற்றை எவ்வாறு மாற்றுகின்றது என்பதே இங்கு நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம்.

சில வருடங்களுக்கு முன்னர் நோர்வூட்டுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில் மது ஒழிப்புக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. நானும் போயிருந்தேன். படங்கள் காட்டினார்கள், ஈரல் கெடுவது பற்றி விளக்கினார்கள். முடிவில் கொழுந்துக் கூடையோடு வந்து அமர்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "ஐயா, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சந்தியில இருக்கிற தவறணய மூடுறதுக்கு நாங்க யாருகிட்ட சொல்லணும்?" என்று கேட்டார். வந்திருந்தவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா கேட்டதுதான் கொள்கை பற்றிய கேள்வி. இந்தப் பாடம் முழுவதையும் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முடிவுகள் எடுக்கப்படும் இடம்

சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாடு மூன்று சமவாயங்களில் தங்கியுள்ளது. 1961ஆம் ஆண்டின் போதைமருந்துகள் பற்றிய தனிச் சமவாயம், 1971ஆம் ஆண்டின் உளத்தூண்டல் பதார்த்தங்கள் பற்றிய சமவாயம், 1988ஆம் ஆண்டின் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிரான சமவாயம் என்பனவே அவை. இவற்றை நடைமுறைப்படுத்துவது பற்றிய தீர்மானங்களை ஐ.நா. பொருளாதார சமூக சபையின் கீழ் 1946இல் உருவாக்கப்பட்ட போதைமருந்துகள் ஆணைக்குழு எடுக்கின்றது. இதில் 53 நாடுகள் உறுப்புரிமை வகிக்கின்றன. வியன்னாவில் கூடுகின்றது. வாக்களிப்பது நாடுகள் மட்டுமே.

அப்படியானால் அரச சார்பற்ற நிறுவனங்கள் எந்தக் கதவால் உள்ளே வருகின்றன? ஐ.நா. சாசனத்தின் 71ஆம் உறுப்புரை, பொருளாதார சமூக சபை அரச சார்பற்ற நிறுவனங்களோடு கலந்தாலோசிக்க இடமளிக்கின்றது. இதன்படி ஆலோசனை அந்தஸ்துப் பெற்ற நிறுவனங்கள் அமர்வில் பார்வையாளராக இருக்கலாம், எழுத்து மூல அறிக்கை கொடுக்கலாம், தலைவர் அனுமதித்தால் பேசலாம். பிரதேச சபை அமர்வைப் பார்வையாளர் பகுதியில் இருந்து பார்க்கும் பொதுமகனின் நிலையோடு இதை ஒப்பிடலாம். கை உயர்த்த முடியாது. ஆனால் தனது வட்டார உறுப்பினரிடம் ஒரு துண்டுக் கடிதத்தைச் சேர்ப்பிக்கலாம், வெளியே வந்து யார் என்ன பேசினார் என்று ஊருக்குச் சொல்லலாம். இந்த இரண்டுமே சாதாரண விடயங்கள் அல்ல என்பதைப் பின்னர் காண்போம். வியன்னாவில் இவ்வாறான நிறுவனங்களை ஒருங்கிணைக்க 1983இல் போதைப்பொருள் பற்றிய வியன்னா அரச சார்பற்ற நிறுவனக் குழு அமைக்கப்பட்டது.

இது புதிய விடயமும் அல்ல. பிரித்தானியாவில் அபின் வியாபாரத்தை ஒழிப்பதற்கான சங்கம் 1874இல் தோன்றியது. குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ சமயப் பிரிவினர் அதில் முன்னின்றனர். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்கு விற்று அரசாங்கம் வருமானம் பெறுவது அநீதி என்பதே அவர்களது வாதம். அத்தகைய அமைப்புகளும் மிஷனரிமாரும் கொடுத்த நீண்டகால அழுத்தத்தின் பின்னணியில்தான் 1909இல் ஷங்காய் அபின் ஆணைக்குழு கூடியது. அதற்குத் தலைமை தாங்கிய சார்ள்ஸ் பிரெண்ட் ஒரு பேராயர். 1912இல் ஹேக் அபின் சமவாயம் கைச்சாத்தானது. சர்வதேச போதைப்பொருள் சட்டத்தின் தொடக்கமே அரசாங்கங்களின் வருமானத்தைக் கேள்விக்குட்படுத்திய தன்னார்வ அமைப்புகளோடு பிணைந்திருக்கின்றது.

அதே 1912இல் இலங்கையில் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. தவறணைகள் பெருகும் என்று கூறி மதுவிலக்குச் சங்கங்கள் அதை எதிர்த்தன. எப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க போன்றோர் பொதுவாழ்வுக்கு வந்த பாதை அதுதான். இன்றும் தவறணைக்கான அனுமதிப்பத்திரத்தை மதுவரித் திணைக்களமே வழங்குகின்றது. அந்த அம்மாவின் கேள்விக்குரிய விலாசம் இதுவே.

இலங்கையின் உதாரணம்: புகையிலைச் சமவாயம்

புகையிலை மேற்கூறிய மூன்று சமவாயங்களுக்குள்ளும் அடங்காது. எனினும் அரச சார்பற்ற நிறுவனங்களின் செல்வாக்கைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இலங்கை மாணவர்களாகிய நமக்கு இது மிகவும் பொருத்தமானதும் கூட.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாடு தொடர்பான சட்டகச் சமவாயத்துக்கான பேச்சுவார்த்தைகள் 2000 முதல் 2003 வரை ஜெனீவாவில் நடைபெற்றன. இதற்கென 1999இல் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து சட்டகச் சமவாயக் கூட்டணி என்ற அமைப்பை உருவாக்கின. அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். பேச்சுவார்த்தை நாட்களில் ஒரு செய்திமடல் அச்சிட்டார்கள். எந்த நாடு எந்த வாசகத்தை எதிர்த்தது என்பது அதில் வரும். பேச்சுவார்த்தைக்குத் தடையாக நின்ற நாட்டுக்கு "அழுக்குச் சாம்பல் கிண்ணம்" என்று ஒரு விருதும், உதவிய நாட்டுக்கு "ஓர்க்கிட்" விருதும் கொடுத்தார்கள். சிரிப்பாக இருக்கின்றதல்லவா? ஆனால் பெயர் வெளியே வந்துவிடும் என்ற கூச்சம் இராஜதந்திரிகளுக்கும் உண்டு. அத்தோடு, சட்ட நிபுணர்கள் போதியளவு இல்லாத சிறிய நாடுகளின் தூதுக்குழுக்களுக்கு இந்நிறுவனங்களே தகவலும் வாசகமும் எழுதிக் கொடுத்தன. துண்டுக் கடிதம், ஊருக்குச் சொல்லுதல் என்று மேலே கூறியவை இவைதாம்.

சமவாயம் 2003 மே மாதம் நிறைவேறியது. சிவில் சமூகத்தின் பங்கேற்பு இன்றியமையாதது என்று அதன் 4ஆம் உறுப்புரையிலேயே எழுதப்பட்டது. இலங்கை அதே வருடம் நவம்பரில் ஏற்புறுதி செய்தது. தெற்காசியாவில் முதலில் ஏற்புறுதி செய்த நாடு நமது நாடே.

ஏற்புறுதி செய்தவுடன் சட்டம் தானாக வந்துவிடாது. மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் (அடிக்) 1987 முதல் இலங்கையில் இயங்கும் ஒரு நிறுவனம். நோர்வே நாட்டு மதுவிலக்கு இயக்கத்தோடு தொடர்புடைய போரூட் நிறுவனமும் இங்கு நீண்டகாலம் பணியாற்றியது. இத்தகைய நிறுவனங்களும் மருத்துவர்களும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பின்னர் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அமைக்கப்பட்டது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது தடை, விளம்பரம் தடை, மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடை என்பன இச்சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகளாகும். பின்னர் சிகரெட் பெட்டியில் படத்துடனான எச்சரிக்கை 80 வீத இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி வந்தபோது, புகையிலைக் கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைத்தது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை மீண்டும் கொண்டுவந்தது.

இந்த உதாரணத்தை எழுதும்போது "அடிக் நிறுவனம் சட்டத்தை இயற்றியது" என்று எழுதிவிடாதீர்கள். சட்டத்தை இயற்றியது பாராளுமன்றம். செல்வாக்கு வேறு, அதிகாரம் வேறு. ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் புள்ளிகளை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிறுவனங்களுக்கிடையே ஒரே குரல் உண்டா?

இல்லை. நல்ல விடையைச் சாதாரண விடையிலிருந்து பிரிப்பது இப்பகுதியே. தடை தளரக்கூடாது என்போர் ஒரு பக்கம் இருக்கிறார்கள். 2009இல் உருவான போதைப்பொருளுக்கு எதிரான உலக சம்மேளனம் இதற்கு உதாரணம். பாவனையாளரைத் தண்டிப்பதால் பிரச்சினை தீராது, நோயும் மரணமும் குறையும் வழியைப் பார்க்க வேண்டும் என்போர் மறுபக்கம். 2006இல் உருவான சர்வதேச போதைப்பொருள் கொள்கைக் கூட்டமைப்பு இத்தரப்பைச் சேர்ந்தது.

இவர்களுக்கிடையிலான போட்டி பெரும்பாலும் சொற்களைப் பற்றியது. "தீங்கு குறைப்பு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சுத்தமான ஊசி வழங்குதல், மாற்று மருந்து கொடுத்தல் போன்றவை இதனுள் அடங்கும். 2016 ஏப்ரலில் நியூயோர்க்கில் நடைபெற்ற ஐ.நா. பொதுச் சபையின் விசேட அமர்வில் இச்சொல்லைச் சேர்க்க வேண்டுமென்று பல நிறுவனங்கள் வாதாடின. இறுதி ஆவணத்தில் அது இடம்பெறவில்லை. 2024 மார்ச்சில் வியன்னாவில் வாக்கெடுப்பு மூலம் நிறைவேறிய தீர்மானத்தில்தான் ஆணைக்குழு முதல் தடவையாக அதை ஏற்றது. ஒரு சொல்லுக்கு எட்டு வருடம்!

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் தெரிந்திருப்பது நல்லது. இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் கடுமையாக இருந்ததால், புற்றுநோயாளர் வலியால் துடிக்கும்போதும் மோர்பின் கிடைப்பது அரிதாயிற்று. திருவனந்தபுரத்தில் 2003இல் வைத்தியர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா உள்ளிட்ட அமைப்புகள் வாதாடியதன் பயனாக 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. போதைப்பொருள் கொள்கை என்றால் கடத்தல்காரரைப் பிடிப்பது மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மரண தண்டனை விவாதம்

இலங்கையில் 1976இற்குப் பின் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தண்டனையை நிறைவேற்றக் கையொப்பமிட்டதாக அறிவித்தார். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. சர்வதேச மன்னிப்புச் சபை வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தது. ஜூலை 5ஆம் திகதி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. தூக்கு நிறைவேறவில்லை.

இதை வகுப்பில் பேசும்போது மாணவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். "தூக்கில் போட்டால்தான் சரி, டீச்சர்" என்பவர்களே அதிகம். ஐஸ் போதைப்பொருள் தங்கள் லயத்துக்கு வந்துவிட்டதைக் கண்ட பிள்ளைகள் அப்படிச் சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். பரீட்சையில் எந்தப் பக்கமும் நிற்கலாம், காரணம் காட்ட வேண்டும். என் அபிப்பிராயம், பிடிபடுபவர் பெரும்பாலும் பொதி சுமப்பவரேயன்றிப் பொதிக்குச் சொந்தக்காரர் அல்லர் என்பது.

விமர்சனங்கள்

நிதி வழங்குநரின் விருப்பப்படி நிகழ்ச்சிநிரல் அமைதல், மக்களால் தெரிவு செய்யப்படாமை என்பன வழமையாகக் கூறப்படுபவை. கம்பனிகளே மறைமுகமாக அமைப்புகளை உருவாக்கும் ஆபத்தும் உண்டு. புகையிலைச் சமவாயத்தின் 5.3ஆம் உறுப்புரை, கொள்கையைக் கம்பனிகளின் நலன்களிலிருந்து பாதுகாக்குமாறு அரசாங்கங்களைப் பணிப்பது இதனாலேயே. இவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது, வியன்னாவில் பேசப்படும் மொழி கொழுந்து பறிப்பவரின் மொழியல்ல என்பது. அவருடைய கேள்வி அங்கே போய்ச் சேர இடையில் எத்தனை மொழிபெயர்ப்பு!

பயிற்சி வினாக்கள்

1. ஐ.நா. சாசனத்தின் 71ஆம் உறுப்புரை அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு வழங்கும் இடம் யாது? அதன் எல்லைகள் யாவை?

2. "செல்வாக்கு வேறு, அதிகாரம் வேறு." 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டு விளக்குக.

3. போதைப்பொருள் கொள்கை பற்றி அரச சார்பற்ற நிறுவனங்களுக்கிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை இரண்டு உதாரணங்களுடன் ஆராய்க.

4. உங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள தவறணையை அகற்றுமாறு கோரி மதுவரித் திணைக்களத்துக்கு மகளிர் சங்கம் சார்பில் ஒரு கடிதம் எழுதுக. (இது அரசறிவியல் வினாத்தாளில் வராது. எழுதிக்கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.)