ரேகையும் ரகசிய எண்ணும்

கேள்வி: கைப்பேசியில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையை நம்பலாமா? ரேகை களவு போனால் என் கதி என்ன?

பதில்: தாராளமாக நம்பலாம், ஆயினும் எல்லையறிந்து நம்பவேண்டும். 2013-இல் ஐபோன் 5எஸ் வாயிலாகப் பிரசித்தி பெற்ற இம்முறையில், தங்கள் விரலின் பிம்பம் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து கணித ரீதியாக வடித்தெடுத்த குறிப்பு ஒன்றே, பிரதான செயலியினின்று விலகித் தனித்து இயங்கும் பத்திரமான ஒரு பாகத்தில், கருவியை விட்டு வெளியேறாத வண்ணம் பாதுகாக்கப்படுகிறது. அந்நியர் விரலுக்குப் பூட்டு திறந்துவிடும் சாத்தியம் 50,000-இல் ஒன்று என்பது ஆப்பிள் நிறுவனத்தாரின் கணக்கு.

ஆனால், தங்கள் பயமும் நியாயமானதே. அக்கருவி விற்பனைக்கு வந்த சில தினங்களுக்குள்ளாகவே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்தவர்கள், கண்ணாடியின்மேல் பதிந்திருந்த ரேகையைப் படமெடுத்து, அதைக்கொண்டு மெல்லிய போலித் தோலொன்றை வார்த்து, அதை விரல்மேல் ஒட்டிப் பூட்டைத் திறந்து காட்டினர். களவு போன சொல்லை மாற்றலாம். விரலை மாற்ற இயலாது.

கருவியை அணைத்துப் போட்டாலும், 48 மணி நேரம் திறவாதிருந்தாலும், ரேகை ஐந்து தடவை பொருந்தாவிட்டாலும் ஐபோன் ரகசிய எண்ணையே கேட்கும். ஆகவே அஸ்திவாரம் இன்றும் அந்த எண்தான். அது தாங்கள் பிறந்த வருஷமாக இருக்குமாயின், தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.