ஊசியில் நூல் கோக்க எந்த லென்ஸ்?

கேள்வி: கண்புரைக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்கள். ‘மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம்’ என்கிறான் மகன். விலையோ பல மடங்கு. நான் தையல்காரன், வயது 63. எதை வைத்துக்கொள்வது?

பதில்: மகன் சொல்வது பாதி சரி. மல்டிஃபோகல், வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்குபோடுகிறது. அதனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையமும் தெரியலாம். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாகியிருந்தால், பெரும்பாலும் வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்வார்கள்.

சாதாரண மோனோஃபோகல் ஒரே தூரத்துக்குத்தான். வழக்கமாகத் தொலைவுக்கு வைத்துவிடுவார்கள். பிறகு ஊசி கோக்கக் கண்ணாடி தேட வேண்டும். நீங்களோ நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்காருபவர். லென்ஸுக்கு அளவெடுக்கும் அன்றே தொழிலைச் சொல்லி, கைக்கெட்டும் தூரத்துக்குப் பவர் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பஸ் போர்டு படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். நானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன். சிலிண்டர் பவர் அதிகமிருந்தால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றியும் விசாரியுங்கள்.

விலை குறைந்தது மட்டம் என்று எண்ண வேண்டாம். மதுரை ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் மலிவாகத் தயாரிக்கும் லென்ஸ்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன.