உப்புக்காற்றும் ஏபிஎஸ் விளக்கும்

நெடுந்தீவில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குறிகாட்டுவான் துறைதான் கார் தரிப்பிடம். அங்கிருந்து தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகம் எழும்பிக் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. கரையில் விட்ட கார் நாட்கணக்கில் உப்புக்காற்றில் நிற்கும். வீடு திரும்பும்போதும் வாணர் பாலம், பண்ணைத் தாம்போதி என்று இரண்டு பக்கமும் கடல்தான். இந்த வாழ்க்கையில் கார் ஒன்றின் பிறேக் என்ன பாடுபடும் என்பதை ஏஜென்டிடம் புதிதாக வாங்கிய, வாரண்டி முடியாத என் காரில் கண்டேன். தீவுப்பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

விளக்கு எரிய முன்னரே பிறேக் மிதி சொல்லிவிட்டது. துறையடிக்கு மெதுவாக வந்து, கார் நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் மிதி காலுக்குக் கீழே டக்டக்கென்று உதறியது. வீதியில் மணலும் இல்லை, ஈரமும் இல்லை. ஒவ்வொரு சில்லிலும் அதன் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. குறைந்த வேகத்தில் அதன் சமிக்ஞை நலிந்தால், சில்லு இறுகிவிட்டது என்று, அதை இறுகவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் கணணி எடுத்துக்கொண்டு அந்தப் பிறேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது. கார் நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது. செம்மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

செம்மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிறேக் வேலை செய்யும். ஆனால் அவசரத்தில் ஊன்றினால் சில்லு இறுகிக் கார் வழுக்கும். கைபிறேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிறேக் விளக்கு எரிந்தால் கதை வேறு. ஓரத்தில் நிறுத்தி பிறேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள், மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

இனி ஸ்கானர். காரின் கணணி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டைத்தான் கோட் என்பார்கள். போனோடு இணைக்கும் மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோட்டை மட்டும்தான் வாசிக்கும். பிறேக் கோடுகள் சி என்ற எழுத்தில் தொடங்குபவை. ஏபிஎஸ் பகுதிக்குள் போகக்கூடிய ஸ்கானர் வேண்டும். டொயோட்டாவில் சி0200 என்றால் முன் வலப்பக்கச் சென்சார், சி0205 என்றால் முன் இடப்பக்கம். ஆனால் கோட் காட்டுவது எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டுந்தான். பழுது சென்சாரிலா, வயரிலா, பிளக்கிலா என்று அது சொல்லாது. கோட்டைப் பார்த்தவுடன் சாமான் வாங்க ஓடுவது வீண்செலவு. 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவிட்டு நான்கு சில்லுகளின் வேகத்தையும் ஸ்கானரில் ஒன்றாகப் பார்க்கவேண்டும். எனது காரில் மூன்று ஒன்றாக ஏறி இறங்க, முன் இடது மட்டும் திடீர் திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்தது. அதை வீடியோ எடுத்துக்கொண்டேன். புதிய கார்களின் சென்சாரை ஓம் மீற்றரால் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் கராஜை நம்பவேண்டாம்.

உப்பால் வரும் கோளாறுக்கு ஒரு குணம் உண்டு: ஈரத்தில் வரும், காய்ந்தால் மறையும். ஏஜென்டின் வேர்க்ஷொப்புக்குப் போன அன்று நல்ல வெயில். "ஐயா, இப்ப லைற் எரியேல்லையே, நாங்கள் எதைப் பார்க்கிறது?" என்று கேட்டார் பொறுப்பாக நின்ற பெடியன். நியாயமான கேள்விதான். "தம்பி, கோட்டை அழியாமல் முதலில் வாசியுங்கோ" என்றேன். அழித்துவிட்டால் அந்த நேரத்து வேகமும் பதிவும் சேர்ந்து போய்விடும். இதே காரணத்துக்காகத்தான் வெளிக் கராஜில் கோட் அழிக்கவோ பிளக்கைக் கழற்றவோ நான் விடவில்லை. விளக்கு எரியும்போது கிலோமீற்றர் தெரியும்படி படம் எடுத்து வைத்திருந்தேன். ஜொப் கார்ட்டில் "பிறேக் செக்" என்று மொட்டையாக எழுதவிடாமல், "மெதுவாக நிறுத்தும்போது மிதி உதறுகிறது, மழைக்குப் பின் விளக்கு எரிகிறது" என்று என் சொல்லிலேயே எழுதுவித்துப் பிரதி வாங்கினேன். 2010 பெப்ரவரியில் டொயோட்டா பிறேக் மென்பொருளைத் திருத்த 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திருப்பியழைத்ததும், கரடுமுரடான வீதியில் ஒரு கணம் பிறேக் நழுவுகிறது என்று ஓட்டுநர்கள் விவரமாகச் சொன்ன முறைப்பாடுகளின் பின்னர்தான்.

பிளக்கைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றேன். ஒரு ஊசியில் பச்சை பூத்திருந்தது. சென்சார் பொருத்திய இடத்தில் கறள் உப்பி, அதை மயிரிழை அளவு மேலே தள்ளியிருந்தது. "கடல் உப்பால் வந்தது, வாரண்டியில் வராது" என்றார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. எந்த வாசகத்தின்படி வராது என்று எழுத்தில் தாருங்கள் என்றேன். மூடி உடையாமல், றப்பர் அடைப்பு கிழியாமல் பிளக்குக்குள் தண்ணீர் போனால் குறை அந்த அடைப்பில்தானே? நிலத்துக்குக் கிட்ட, மழையில் நனையும் இடத்தில் பூட்டும் சாமான் ஈரம் தாங்கவேண்டியது. படங்களோடு கடிதம் தலைமையகத்துக்குப் போனது. பதில் வரச் சுணங்கியது. வந்தபோது சென்சாரையும் வயரையும் கூலி உட்பட வாரண்டியில் மாற்றித் தந்தார்கள்.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் ஓடுபவற்றில் பல ஜப்பானில் பாவித்து இறக்கியவை. அவற்றுக்கு இங்குள்ள ஏஜென்டின் வாரண்டி கிடையாது, விற்றவர் எழுதித் தருவது மட்டுமே. ஆனால் பாதுகாப்புக்காக நிறுவனமே திருப்பியழைப்பது வாரண்டியில் சேராத வேறு விஷயம். செஸி இலக்கத்தைக் கொண்டு அதை விசாரிக்கலாம்.

காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அலசுவது உண்மையிலேயே பலன் தரும். நெடுந்தீவுக்குள் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது கஷ்டம். கிணறுகள் பல உவர், தீவின் சாராப்பிட்டிக் கிணற்று நன்னீர் குடிக்கவே அருமை. உவர்நீரால் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. மாரியில் தேக்கிய மழைநீரே போதும்.

ஏஜென்டோ விற்றவரோ கையை விரித்தால் நுகர்வோர் அதிகாரசபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அங்கே எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பற்றுச்சீட்டு, வாரண்டிப் புத்தகம், ஜொப் கார்ட் மூன்றையும் காருக்குள் போட்டுவைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.