பெட்டிக்குள் தெரியாத சரக்கு

வியாபாரச் சகோதரர்களே! சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் நூறு சோடி இயர்பட் வாங்கி, களுபோவிலயிலுள்ள என் கடையில் வைத்தேன். பார்வைக்கு அழகு, விலையும் மலிவு. மாதம் முடிவதற்குள் நாற்பது சோடி திரும்பி வந்தது. ஒருவருக்கு ஒரு காதில் சத்தமில்லை. இன்னொருவருக்கு, படத்தில் வாய் அசைந்து முடிந்த பிறகுதான் பேச்சு வருகிறது. எல்லோரும் பழகிய வாடிக்கையாளர்கள். காசைத் திருப்பிக் கொடுத்தேன். முதலும் போனது, பெயரும் கொஞ்சம் போனது.

என் தங்கையின் மகன், காதிலும் கையிலும் அணியும் கருவிகளின் ஒலிக்கு மென்பொருள் எழுதும் பொறியியலாளர். சிலவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "மாமா, சாமானில் பெரிய குறையில்லை. உள்ளே எழுதியிருப்பதுதான் சரியில்லை" என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். இயர்பட் ஒரு சின்னக் கணினி. போன் பற்றரியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் அதன் பற்றரி. 2020 இல் அறிவிக்கப்பட்ட புதிய புளூடூத் ஒலி முறையில், ஒலியைப் பெரும்பாலும் 10 மில்லிசெக்கன் துண்டுகளாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு துண்டில் 480. அடுத்த துண்டு வருவதற்குள் இதை விரித்துக் காதுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் சத்தம் வெட்டும். துண்டுகளை முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைத்தால் வெட்டாது; ஆனால் பேச்சு தாமதமாகும்.

இது நமக்குப் புரியாத கணக்கா? சரக்கைக் குறைவாக வைத்தால் வாடிக்கையாளர் வெறுங்கையோடு போவார். கூடுதலாக வைத்தால் முதல் முடங்கும். அந்த அளவைச் சரியாகப் பிடிப்பதே அவர்களின் தொழில்.

மென்பொருளின் பெறுமதிக்கு ஓர் உதாரணம். அப்பிள் நிறுவனத்தின் ஏர்பொட்ஸ் புரோ 2 சந்தைக்கு வந்தது 2022 இல். இலேசான, நடுத்தரமான செவிக்குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு அது செவித்துணைக் கருவியாக உதவும் மென்பொருளுக்கு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 செப்டெம்பரில் அனுமதி அளித்தது. ஏற்கெனவே வாங்கியவரின் காதிலிருந்த அதே கருவி, ஓர் ஆணியும் மாறாமல், புதிய வேலை செய்யத் தொடங்கியது!

ஆகவே, இனி இச்சரக்கு எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியைத் தயாரிப்பாளர் தருகிறாரா? இரண்டு, வீடியோவில் வாயும் பேச்சும் ஒன்றாக வருகின்றனவா? மூன்று, வாகன இரைச்சலில் நின்று பேசினால் எதிரில் இருப்பவருக்கு விளங்குகிறதா? மாதிரிக்கு இரண்டு சோடி எடுத்து ஒரு வாரம் பாவித்த பிறகே நூறுக்குக் காசு கட்டுங்கள்.

இன்னொன்று. கணக்கிலும் மின்னணுவிலும் ஆர்வமுள்ள பிள்ளையை "கடையைப் பார்" என்று கல்லாவில் இருத்தாதீர்கள். நாம் விற்பது பெட்டியை. அதற்குள் இருக்கும் சரக்கை உண்டாக்க அவனால் முடியும்.