பள்ளி விளையாட்டும் பாலின வரம்பும்

புணே நகரின் கிழக்குப் புறத்தில், ஹடப்சரை ஒட்டிய ராம்டேக்டியில் மகாராஷ்டிர மாநில ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் அமைந்துள்ளது. அம்மாநிலத்தில் காவலர் பணிக்கு முன்வரும் ஆண்கள் உடற்திறன் தேர்வில் 1,600 மீட்டர் ஓட வேண்டும், 7.26 கிலோகிராம் எடையுள்ள இரும்புக் குண்டை எறிய வேண்டும். பெண்களுக்கு ஓட்டம் 800 மீட்டர். குண்டின் எடை 4 கிலோகிராம். இந்த இரட்டை அளவுகோல் காவல்துறை புதிதாகக் கண்டதன்று. பள்ளி மைதானத்தில் மாணவரையும் மாணவியரையும் இரு வரிசைகளாக நிறுத்தும் வழக்கத்தின் தொடர்ச்சியே அது. அவ்விரு வரிசைகளில் எதிலும் இடம் பெறாத மாணவர், விளையாட்டோடு பின்னாளில் கிட்டக்கூடிய உத்தியோகம் ஒன்றையும் இழக்கிறார்.

2022ஆம் ஆண்டில் மகாராஷ்டிரக் காவலர் தேர்வுக்கான விண்ணப்பத்தில் ஆண், பெண் என இரு பிரிவுகளே இருந்தன. திருநர் சிலர் நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகினர். விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் காட்டிய கண்டிப்பிற்குப் பின்னர், விண்ணப்பத்தில் மூன்றாவது பிரிவைச் சேர்க்கவும், உடற்திறன் தேர்வுக்கான அளவுகளை 2023 பிப்ரவரி இறுதிக்குள் வகுக்கவும் மாநில அரசு ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் இதே கேள்வி ஏழாண்டுகளுக்கு முன்னரே எழுந்தது. உதவி ஆய்வாளர் பணிக்கான தேர்வில் திருநங்கை பிரித்திகா யாஷினி 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பின்தங்கினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் நியமனத்திற்கு உரியவர் எனத் தீர்ப்பளித்தது. எந்த அளவுகோலால் திருநரை அளப்பது என்று எவரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்த ஒரு விநாடியை நீதிபதிகள் எடைபோட வேண்டியதாயிற்று.

புதுக்கோட்டைப் பெண்

விதியை முன்கூட்டித் தெளிவாக வகுக்காமையின் விலையைத் தமிழ்நாடு நன்கு அறியும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதே ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். ஓட்டம் முடிந்த பின்னர் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவு செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு ரூ.15 லட்சம் பரிசளித்து ஆதரவு காட்டிய போதிலும், 2012இல் அவர் மீண்டும் சூளையில் தினக்கூலியாக உழைத்த செய்தி நாட்டை உலுக்கிற்று. பின்னர் பயிற்சியாளருக்குரிய பட்டயப் படிப்பை முடித்தார். 2016இல் தமிழக அரசு அவரைத் தடகளப் பயிற்சியாளராக நியமித்தது.

இங்கு ஒன்றைத் தெளிவாக்குதல் அவசியம். சாந்தி திருநங்கை அல்லர். பெண் குழந்தையாகப் பதிவு செய்யப்பட்டுப் பெண்ணாகவே வளர்ந்தவர். ஒருசிலரின் குரோமோசோம் அமைப்பும் புற உடலமைப்பும் பிறவியிலேயே வழக்கமான முறையில் ஒத்திருப்பதில்லை. இவர்களை ஊடுபாலினத்தார் என்பர். பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினத்தைத் தமதென உணர்வோர் திருநர். இரண்டும் வெவ்வேறு நிலைகள். எனினும் விளையாட்டு அமைப்புகள் இரண்டையும் ஒரே சந்தேகத்துடன் அணுகி வந்துள்ளன. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடங்கிய குரோமோசோம் சோதனை 1999இல் கைவிடப்பட்டது. பின்னர் இயக்குநீர் அளவைச் சோதிக்கும் விதிகள் வந்தன. அவ்விதிகளால் 2014 காமன்வெல்த் போட்டியில் பங்கேற்க இயலாமற்போன ஒடிசா ஓட்டவீராங்கனை தூத்தி சந்த், விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015இல் அவ்விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அரை நூற்றாண்டு சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்ததாகத் தோன்றுகிறது.

உடலியல் கூறுவது

பெண்கள் பிரிவைக் காக்க வேண்டும் என்போரின் வாதத்தை வெறும் காழ்ப்பென ஒதுக்குவது சரியன்று. அப்பிரிவே நெடிய போராட்டத்தால் கிடைத்த ஒன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். அத்தொலைவு பெண்களின் உடலுக்கு ஒவ்வாது என்று கூறி அது நீக்கப்பட்டது. 1960இல் ரோம் நகரில்தான் மீண்டும் இடம்பெற்றது. பூப்புப் பருவத்திற்குப் பின் ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பெருகுவதால் உயரம், தசை, எலும்பு, ஹீமோகுளோபின் ஆகியவை கூடுகின்றன. முன்னணி ஓட்டவீரர்க்கும் வீராங்கனையர்க்கும் இடையே சுமார் 10 முதல் 12 விழுக்காடு வேறுபாடு இதனால் உண்டாகிறது. மருந்தால் இயக்குநீரைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதங்களில் இறங்கிவிடும். தசை வலிமையோ ஓராண்டிலும் சிறிதளவே குறையும். இக்காரணம் காட்டியே 2022இல் நீச்சற் கூட்டமைப்பும், 2023இல் உலகத் தடகள அமைப்பும் ஆண் பூப்பைக் கடந்த திருநங்கையரைப் பெண்கள் பிரிவில் அனுமதிக்க மறுத்தன.

ஆனால் இந்த ஆதாரங்கள் அனைத்தும் பூப்புக்குப் பிந்திய உடலைப் பற்றியவை. நீச்சற் கூட்டமைப்பின் விதியே 12 வயதை எல்லையாகக் குறிக்கிறது. அதற்கு முன் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் உள்ள திறன் வேறுபாடு மிகச் சொற்பம். பதினோரு வயதில் சிறுமியர் உயரத்தில் முந்தி நிற்பதை எந்த வகுப்பறையிலும் காணலாம். ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கென எழுதிய விதியை ஐந்தாம் வகுப்பின் சாக்கு ஓட்டத்திற்கும் விரித்துரைப்பது, வருமான வரிச் சட்டத்தைக் கொண்டு உண்டியல் காசைக் கணக்கிடுவதை ஒக்கும். அமெரிக்காவில் 2020இல் ஐடஹோ மாநிலத்தில் தொடங்கிப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றியபோது பள்ளிகளும் தடைக்குள் அடங்கின. இந்திய விவாதம் அவ்வழியிலேயே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

நம் நாட்டில் பள்ளி விளையாட்டின் நேர்மையைக் குலைத்து வந்த பெருந்தீங்கு வேறு. தேசியப் பள்ளி விளையாட்டுகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிக்கப்படுகின்றன. போலி வயதுச் சான்றுடன் பதினேழு வயதினர் பதினான்கு வயதினரோடு ஓடுவது எவ்வளவு பரவிய முறைகேடு என்பதற்கு, மத்திய அரசு 2010இல் வயது மோசடிக்கு எதிரான தேசிய விதித்தொகுப்பை வெளியிட நேர்ந்ததே சாட்சி. எலும்பு வளர்ச்சியைக் கதிர்ப்படத்தால் அறியும் சோதனை இதற்காகவே வந்தது. வயது மோசடியால் வெளியேறும் சிறுமியர் குறித்து இத்தனை ஆவேசத்துடன் எவரும் வாதிட்டதில்லை.

சான்றிதழின் பொருளாதாரம்

பங்கேற்பு வேறு, பதக்கம் வேறு. பள்ளியளவில் கூடுதலாக ஒருவர் கபடி ஆடுவதால் மற்றொருவர் இழப்பது ஏதுமில்லை. மாவட்டத்தைத் தாண்டி மாநில அளவை எட்டும்போது நிலைமை மாறுகிறது. இறுதிச்சுற்றில் எட்டுத் தடங்களே உண்டு. அங்குப் பெறும் சான்றிதழ் கல்லூரி இடமாகவும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே அல்லது காவல்துறை வேலையாகவும் மாறக்கூடியது. அந்த எட்டாவது தடத்திற்காக விடியலில் எழுந்து ஓடும் சிற்றூர்ப் பெண்ணின் அச்சத்திற்கும் பதில் கூற வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் 100 மீட்டர் ஓட்டத்தின் மாநில இறுதிச்சுற்றையும், ஆறாம் வகுப்பின் கோ-கோ ஆட்டத்தையும் ஒரே விதியால் ஆள முயல்வதே குழப்பத்தின் வேர்.

சட்டம் ஓரளவு வழிகாட்டியுள்ளது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் விளையாட்டு வாய்ப்பைப் பாகுபாடின்றி அளிக்க வேண்டும் என்றது. எந்தப் பிரிவில் என்று அது கூறவில்லை. 2021இல் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றித் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு வெளியிட்ட கையேடு ஆட்சேபத்தின் பேரில் விரைவிலேயே விலக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிரிவில் பதிவானோர் சுமார் 4.88 லட்சம், அவர்களில் ஏறத்தாழ 55,000 பேர் அப்போது ஆறு வயதுக்குட்பட்டோர். அக்குழந்தைகளில் பலர் இன்று பள்ளிப் பருவத்தையே கடந்துவிட்டனர்.

கேரளம் இரு வழிகளை முயன்றது. 2017இல் திருவனந்தபுரத்தில் திருநருக்கெனத் தனி விளையாட்டு விழா நடைபெற்றது. விழாவுக்கு அது சிறப்பே. ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒரே ஒரு மாணவர் இருப்பின் அவர் யாருடன் ஓடுவார்? 2022இல் ஜூடோ போட்டியில் பங்கேற்க விரும்பிய திருநங்கை ஒருவரின் வழக்கில், தனிப்பிரிவு அமைக்கப்படாவிடில் அவர் கோரும் பிரிவில் அனுமதிக்க வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஜூடோவில் எடைப்பிரிவுகள் உள்ளமை உடல் வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்யும். ஓட்டத்திற்கு அவ்வசதி இல்லை.

எனவே 14 வயதுக்குட்பட்ட பிரிவில் மாணவர் தம் பாலினமாகக் கூறும் அணியில் தடையின்றிச் சேர்வதும், மேல்வகுப்புகளில் பள்ளி, வட்டார அளவில் அவ்வாறே ஆடுவதும், மாநிலப் பதக்கச் சுற்றுகளுக்கு மட்டும் அந்தந்த விளையாட்டின் தன்மைக்கேற்ற தகுதி வரையறை இருப்பதும் ஏற்கத்தக்க ஏற்பாடாகும். அவ்வரையறை பெயர்ப்பதிவுக்கு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். மருத்துவத் தகவல் எதுவும் மாணவர், பெற்றோர், மருத்துவர் ஆகியோரைத் தாண்டிச் செல்லலாகாது. எதிரணியின் புகாரைக் கொண்டு எந்த மாணவியையும் சோதனைக்கு அனுப்பலாகாது. குட்டை முடியும் அகன்ற தோளும் உள்ள சிறுமியரே முதலில் அதற்கு இலக்காவர். உடைமாற்றும் அறை போன்றவற்றைத் தலைமையாசிரியரே தீர்த்துவிடலாம். கல்வித்துறையிலிருந்து இத்தகைய சுற்றறிக்கை வராத இடங்களில், யார் எந்த வரிசையில் நிற்பது என்பதைப் போட்டிக்கு முன்தினம் மாலையில் விண்ணப்பத்தை நிரப்பும் உடற்கல்வி ஆசிரியரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.